சம்மந்தியம்மாவை மேல எழுது

என் அம்மாவை வாழ்க்கையில் முதன்முதலாக "மேடம்" என்று கூப்பிட்டது பாகூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த அக்காதான். அதற்கு முன்பு அம்மாவை ஊர் பலவிதமாகக் கூப்பிட்டிருக்கிறது. பால் சொசைட்டியில் "செலியமேட்டம்மா", நூறு நாள் வேலையில் "இந்தாம்மா", பேங்கில் "கொஞ்சம் தள்ளி நில்லும்மா". ஹேர்பின் வாங்கப் போன இடத்தில் திடீரென்று மேடம் ஆனதும் அம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. ஹேர்பின்னோடு ஒரு மீட்டிங்குக்கான அழைப்பையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அப்போது மூன்றாவது மாதம். வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. மாமியார் வீடு கரியமாணிக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கச் செலியமேடு போயிருந்தவளை, "சும்மா வாடி, ஏசி ஹாலாம்" என்று பாகூர் கல்யாண மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏசி இல்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்ட ஒருவர் நின்று, சோப்புத்தூளும் சத்துமாவும் விற்றுத் தான் கார் வாங்கிய கதையைச் சொன்னார். விற்பதைவிட ஆள் சேர்ப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "உங்க மேல இருக்கிறவங்க சொன்னா அப்படியே கேக்கணும். ஏன், எதுக்குன்னு கேள்வி கேக்கக்கூடாது. அதான் ரகசியம்" என்றார். அம்மா பலமாகத் தலையாட்டினாள். அப்பா இருபத்தைந்து வருஷமாக எது சொன்னாலும் ஆட்டாத தலை அது.

கூட்டம் முடிந்ததும் பேன்சி ஸ்டோர் அக்கா ஒரு பேப்பரோடு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல யாரைச் சேர்க்கப் போறீங்க மேடம்?"

"எங்க சம்மந்தியம்மாவ" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அம்மாவின் கணக்கு வேறு. நல்லது ஒன்று கையில் வந்து, அதைச் சம்மந்தி வீட்டில் சொல்லாமல் விட்டால், நாளைக்குத் தெரியவரும்போது "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்று ஆகிவிடும். கத்திரிக்காய் நாற்று நல்ல ரகமாகக் கிடைத்தால்கூடப் பாதி கரியமாணிக்கத்துக்குப் போய்விடும் வீடு எங்களுடையது.

அக்கா பேப்பரில் ஒரு வட்டம் போட்டு அம்மா பெயரை எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வட்டம் போட்டு என் மாமியார் பெயரை எழுதினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? சம்மந்தியம்மாவ எனக்குக் கீழ போட்டிருக்க?"

"நீங்க சேர்த்துவிட்டா உங்க கீழதான் மேடம் வருவாங்க. அவங்க வாங்குறதுல உங்களுக்குக் கமிஷன் வரும்."

"கமிஷன் கெடக்கட்டும். பொண்ணு குடுத்தவ மேல, மாப்பிள்ளையோட அம்மா கீழயா? இந்தப் பேப்பர அந்த வூட்டுக்காரங்க யாராவது பாத்தா, எம் பொண்ணு அங்க எப்படிம்மா நிம்மதியா சோறு துன்னுவா?"

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இது வரிசை மட்டும்தான், மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேலே இருப்பவருக்குத்தான் லாபம் என்று. அம்மா மசியவில்லை. "சம்மந்தியம்மாவ மேல எழுது. நான் கீழ இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு என்ன போயிற்று? யார் மேலே இருந்தாலும் அந்த இரண்டு பேருமே அவருக்குக் கீழேதான். பேப்பரைத் திருப்பிப் போட்டுப் புதிதாக வட்டம் போட்டார்.

வரும் வழியில் எனக்குச் சிரித்து மாளவில்லை. தன் லாபத்தைத் தட்டில் வைத்துச் சம்மந்திக்குக் கொடுத்துவிட்டு ஒரு வியாபாரத்தை ஆரம்பித்தவள் உலகத்திலேயே என் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்கும். "கமிஷன் போச்சேம்மா" என்றேன். "மரியாத இருக்குல்ல" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு அம்மா கரியமாணிக்கம் வந்தாள், பேன்சி ஸ்டோர் அக்காவும் கூட. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்பவர். பேச்சு குறைவு. கடன் சொல்லி மாவு வாங்க வருபவர்களிடம்கூட "ஆகட்டும்" என்று சொல்லித்தான் அனுப்புவார். அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அன்றைக்கும் "ஆகட்டும்" என்றார். அவருக்கு அதில் ஒரு துளிகூட விருப்பமில்லை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். பெண் வீட்டம்மா வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டார், மறுத்தால் அவர் முகம் வாடிவிடும், அவ்வளவுதான் அவர் நினைத்தது.

ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. போனில், ஆங்கிலத்தில், விரலால் தள்ளிக்கொண்டே போனாலும் முடியாத நீளத்தில். அடியில் ஒரு சின்னக் கட்டம். அதைத் தொட்டால் எல்லாவற்றையும் படித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இரண்டு பேரின் போனையும் வாங்கி, இரண்டு கட்டத்தையும் அக்காவே தொட்டுவிட்டார். ஓ.டி.பி. வந்தது, சொன்னார்கள், முடிந்தது. டப்பாக்களை இறக்கி வைத்தபோது அவர் ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். "சீல் மட்டும் உடைச்சிடாதீங்க மேடம். உடைச்சா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

அதை இரண்டு பேரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். செலியமேட்டில் சத்துமாவு டப்பாக்கள் பீரோவின் மேல் ஏறின. எலி கடிக்குமோ என்று அம்மா பழைய புடவையால் மூடி வைத்தாள். கரியமாணிக்கத்தில் கிரைண்டருக்குப் பின்னால் சோப்புத்தூள் பாக்கெட்டுகள் மாதாமாதம் உயர்ந்துகொண்டே வந்தன. எங்கள் வீட்டில் துணி துவைத்தது என்னவோ பெட்டிக்கடை நீலச் சோப்பில்தான். யாரிடம் விற்பது? அந்த விலைக்குச் சத்துமாவு வாங்கி ஆற்றிக் குடிக்கக்கூடியவர்கள் எங்கள் இரண்டு ஊரிலும் இல்லை. ஆனாலும் மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டுமாம். அம்மா பால் காசில் வாங்கினாள், அத்தை மாவுக் காசில் வாங்கினார்.

நான் செலியமேடு போகும்போதெல்லாம், "உங்க மாமியாருக்கு யாவாரம் எப்படிடி? மேல இருக்கறவங்களாச்சே, நல்லா வருதா?" என்பாள் அம்மா. திரும்பி வந்தால் அத்தை கிரைண்டரை நிறுத்திவிட்டு, "ஏம்மா, உங்கம்மா ஆசையா செய்யறாங்களா? சந்தோஷமா இருக்காங்களா?" என்பார். சந்தோஷம்தான் என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரு பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஏழாவது மாதம் நெருங்கியது. வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அப்போதுதான் ஒருநாள் அம்மா போனில், பேச்சோடு பேச்சாக, "செவலைய குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

செவலை, அம்மாவின் மாடு. வீட்டில் எல்லாமே அப்பாவுடையது. கரும்பு, சைக்கிள், டிவி ரிமோட் எல்லாம். செவலை மட்டும் அம்மாவுடையது. மகளிர் குழுவில் லோன் போட்டுக் கன்றாக வாங்கி வளர்த்தது. அம்மாவின் குரல் கேட்டால்தான் மடியை விடும். அப்பா கறக்கப் போனால் உதைக்கும். அதற்காகவே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். இப்போது சினையாக வேறு இருந்தது.

"ஏன்?" என்றேன்.

"மாசக் கடைசிக்குள்ள சில்வர் மெம்பர் ஆவணுமாம். பெரிய பாக்கேஜா ஒண்ணு எடுக்கணும்."

"ஆகலைன்னா?"

"நான் ஆவலைன்னா, இதுவரைக்கும் வாங்கினதுக்கு சம்மந்தியம்மா கணக்குல ஏறின பாயிண்ட் எல்லாம் அழிஞ்சிடுமாம். பேன்சி ஸ்டோர்ல சொல்றாங்க. பாவம், எம் பேச்ச நம்பி சேந்தவங்க. என்னால அவங்களுக்கு நஷ்டம் வரலாமா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அதை மறைக்கவும் தெரியாது. கத்திவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் என் போனில் தேடி அந்த ஒப்பந்தத்தைத் திறந்தேன். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படித்துப் படித்துப் பழகிய கண்ணுக்கே அது சவாலாக இருந்தது. வெற்றி, குடும்பம், கனவு என்று முதல் பாதி முழுக்க ஒரே தேன். நமக்கு வேண்டியது எல்லாம் பின்பாதியில், ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தது.

ஒரே வரிசையில் இருப்பவர்களில் ஒருவர் வாங்குவதை நிறுத்தினாலோ, கெடுவுக்குள் சில்வர் ஆகாவிட்டாலோ, அவருக்கு மேலே இருப்பவரின் புள்ளிகளும் கீழே இருப்பவரின் புள்ளிகளும் சேர்ந்தே ரத்தாகும். அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்து என்ன செய்யலாம் என்று பத்துப் பக்கம் தள்ளி இருந்தது. சில்வர் ஆகும் வரை அது பணமாகாது, இன்னும் சோப்புத்தூள்தான் வாங்கலாம். சில்வர் ஆனவர்கள் அப்படியே இருக்க வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பெரிய பாக்கேஜை மறுபடி எடுக்க வேண்டும். இதைப் பற்றி கோட்டு போட்டவர் மூச்சுவிடவில்லை. வாங்கி முப்பது நாள் தாண்டிய பொருளைச் சீல் உடையாவிட்டாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அங்கேதான் இருந்தது. பேன்சி ஸ்டோர் அக்கா சொன்னது அதில் பாதி.

சாயங்காலம் பஸ் பிடித்து நேரே செலியமேடு போனேன். அம்மா செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப செவலைய விப்ப. மூணு மாசம் கழிச்சு மறுபடி அதே அளவு வாங்கணும்னு போட்டிருக்கான். அப்ப எத விப்ப? அப்பாவையா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முடிவை மாற்றவில்லை. நான் படித்துச் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஏமாற்று வேலைதான் என்று ஒத்துக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் சொன்னாள், "இந்த ஒரு தரம் மட்டும் எடுத்துடறேன். அதுக்கப்புறம் அவங்களே வேணாம்னு விட்டாங்கன்னா நானும் விட்டுடுவேன். நானா எப்படி முதல்ல விடறது? இழுத்துவிட்டவளே நடுவுல கைய விட்டுட்டா, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா நாளைக்கு உங்க வூட்ல ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தா இந்தப் பேச்சுதான் முதல்ல வரும்."

"அத்தை அப்படிப்பட்டவங்க இல்லம்மா. நான் சொல்லிடறேன்."

"வாயத் தொறந்த, இந்தச் செவல மேல சத்தியம், நான் உங்க வூட்டுக்கு வரவே மாட்டேன்."

மாட்டு வியாபாரி வளைகாப்புக்கு மறுநாள் வந்து ஓட்டிப் போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. சத்தியம் வேறு போட்டுவிட்டாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மாட்டுக்காகவா அம்மாவுக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. என் வீட்டில் என் சோறு நிம்மதியாக இறங்க வேண்டும் என்று, அவள் குரல் கேட்டால் வந்து நிற்கும் ஒரே ஜீவனை அவள் விற்கப் போகிறாள். எனக்கு அந்தச் சோறே வேண்டாம் போலிருந்தது.

வளைகாப்பு கரியமாணிக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அம்மா வேனில் சீர் தட்டுகளோடு வந்து இறங்கினாள். பழம், பூ, வளையல், புடவை, லட்டு, முறுக்கு, ஐந்து வகைச் சோறு. வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர்கள் கடைசி இரண்டு தட்டை வைத்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு தட்டில் சத்துமாவு டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. மேலே ஒரு முழம் மல்லிகை. இன்னொன்றில் சோப்புத்தூள். கையில் இருந்த பணம் எல்லாம் அதில் முடங்கிக் கிடக்கிறது, தட்டு எண்ணிக்கை குறையக்கூடாது, வேறு என்ன செய்வாள்? ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் எல்லாத் தட்டையும் ஒரே மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வைத்தார்.

சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, எல்லாம் முடிந்தது. சாப்பாடு ஆகி ஊர்க்காரர்கள் கலைந்துவிட்டார்கள். என்னை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம். எங்கள் பக்கத்தில் சீர் வந்த தட்டை வெறுமனே திருப்ப மாட்டார்கள். கொஞ்சம் அரிசி, ஒரு வெல்லக்கட்டி, எதையாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அத்தை உள்ளே போய்த் தட்டுகளை நிரப்பி ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்தார். அரிசி, பருப்பு, வெல்லம். கடைசி இரண்டு தட்டின் மேல் துணி மூடியிருந்தது. அம்மா மரியாதைக்காகத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

சத்துமாவு டப்பாக்கள். சோப்புத்தூள். அம்மா கொண்டுவந்தவை அல்ல, அவை இன்னும் கூடத்தில்தான் மல்லிகையோடு இருந்தன. இவை கிரைண்டருக்குப் பின்னால் இருந்தவை. ஒன்றின் மூடியில் இட்லி மாவுத் துளி காய்ந்திருந்தது.

அம்மா டப்பாவையே பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி" என்றார் அத்தை, மெதுவாக. "இவ்ளோ கெடக்குது. வெக்கறதுக்கு எடமில்ல. நீங்கன்னா வித்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப நீங்க ஏன் மாசாமாசம் வாங்கறீங்க சம்மந்திம்மா?"

"நான் நிறுத்திட்டா உங்க பாயிண்ட் அழிஞ்சிடும்னு சொன்னாங்களே. நீங்க ஆசையா செய்யறீங்க. நான் எப்படி அத கெடுக்கறது?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கை நிறைய வளையலோடு, கன்னத்தில் காய்ந்த சந்தனத்தோடு, எழுந்து நின்று கத்தினேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மாடு போகப்போகுது அத்த! உங்க பாயிண்ட் அழியக்கூடாதுன்னு செவலைய விக்கறாங்க. நாளைக்கு வந்து ஓட்டிட்டுப் போறான்!"

சத்தியத்தையும் மீறி வாயைத் திறந்ததற்காக அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"சம்மந்தி, அந்தப் பேப்பர்ல யாரு மேல?"

"நீங்கதான்" என்றாள்.

"மேல இருக்கறவங்க சொன்னா கீழ இருக்கறவங்க கேக்கணும், கேள்வி கேக்கக்கூடாதுன்னுதானே உங்க மீட்டிங்ல சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப நான் சொல்றேன். மாட்ட விக்காதீங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு இரண்டுமாக வந்தது. அத்தையும் சிரிக்க ஆரம்பித்தார். மாசக்கணக்கில் எத்தனை பாக்கெட் துணி துவைக்காத சோப்புத்தூள் இரண்டு வீட்டிலும் கிடக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவர்களை அப்படிப் பார்த்தபோது வயிற்றில் இருந்ததும் சேர்ந்து ஒரு உதை விட்டது. எனக்கு இந்த இரண்டு பேரும் வாய்த்தார்களே என்று அன்றைக்கு நினைத்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மாட்டு வியாபாரிக்கு அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. போன பணம் போனதுதான். கடைசி மாதம் வாங்கிய கொஞ்சத்தை மட்டும், சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். பேன்சி ஸ்டோர் அக்காவைத் திட்டுவதற்காகவே நான் பாகூர் போனேன். கடைக்குள் வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அதே டப்பாக்கள். "நான் எப்பவோ கோல்டு மேடம்" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. திட்ட மனம் வரவில்லை. ஒரு பாக்கெட் ஹேர்பின் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் எங்கள் இரண்டு பேரையும் கரியமாணிக்கத்தில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. அதற்குச் சில நாள் முன்பு செவலை கன்று போட்டது, அதுவும் பெண், கிடேரி. அம்மா சீம்பாலைத் தூக்குச் சட்டியில் ஊற்றி அப்பாவிடம் கொடுத்து, சைக்கிளில் கரியமாணிக்கத்துக்கு அனுப்பினாள். இந்தக் கதையில் அப்பா செய்த ஒரே வேலை அதுதான், நன்றாகவே செய்தார்.

அத்தை தூக்கை வெறுமனே அனுப்புவாரா? அப்பா திரும்பி வந்து பையிலிருந்து கழுவிய தூக்கையும் கூடவே ஒரு சத்துமாவு டப்பாவையும் எடுத்து வைத்தார். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்திருந்தது. திறந்தாள். கேழ்வரகு வாசனை கூடமெல்லாம் பரவியது. முளை கட்டி, காயவைத்து, வறுத்து, தன் கையாலேயே சன்னமாக அரைத்த மாவு, பேத்திக்கு. கம்பெனி மாவு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

அம்மா மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிழிந்த சீலை விரலால் தடவினாள்.

"உடைச்சுட்டாங்கடி" என்றாள். "இத இனிமே யாரும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

பிறகு குழந்தைக்குக் கூழ் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.